டிராவை நம்பி ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கோவைச் சதுரங்கப் போட்டிகளுக்கு இறங்கிச் செல்லும் ஒரு பிள்ளை, ரேட்டிங் கூடியவருக்கு எதிராகக் கறுப்புக் காய்கள் அமையும்போது, அரைப் புள்ளியாவது தேறட்டும் என்று பெட்ரோவ் தற்காப்பு என்ற கறுப்பின் தொடக்க ஆட்டமுறையை நாடுவது இயல்பு. தெரிவு நல்லதே, ஆனால் டிராவுக்குப் பெயர்போன தொடக்கம் என்பதால் ஆட்டம் தானாகவே சமநிலைக்கு வந்துவிடும் என்று நம்புவது தவறு.

வெள்ளை இ4 (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது பலகைக் கட்டத்தின் பெயர்), கறுப்பு இ5, வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை எஃப்6 என்று தொடங்கி, வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டியதும், கறுப்பும் உடனே இ4 சிப்பாயை வெட்டக் கூடாது. வெள்ளை ராணி இ2-க்கு வரும். அதற்கு அஞ்சிக் குதிரையை எஃப்6-க்குத் திருப்பினால், வெள்ளைக் குதிரை சி6-க்குத் தாவ, ராணியின் செக் திறந்துகொள்ளும்; அதே குதிரை டி8-இல் நிற்கும் கறுப்பு ராணியையும் தாக்குவதால் ராணி போய்விடும். முதலில் டி6 ஆடி, வெள்ளைக் குதிரை எஃப்3-க்குத் திரும்பிய பின்னரே இ4-ஐ வெட்ட வேண்டும்.

காய்களைக் குறைத்தாலே டிரா என்பதும் சரியன்று. ஒரு சிப்பாய் குறைந்தாலும் யானைகளும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சும் முடிவாட்டத்தில் பல வேளைகளில் தாக்குப்பிடிக்கலாம். யானைகளையும் மாற்றிவிட்டால் அந்த ஆட்டம் பெரும்பாலும் கைநழுவும்.

பலகையில் சம்பாதித்த டிராவை விதி தெரியாமல் இழப்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. ஒரே நகர்வை மூன்று முறை ஆடினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். விதி கணக்கிடுவது நகர்வை அன்று, நிலையை: ஆட வேண்டியவர், கோட்டை கட்டும் உரிமை (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தும் உரிமை) உட்பட எல்லாம் ஒன்றாக இருக்கும் நிலை மூன்று முறை வர வேண்டும், அவை அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. மூன்றாம் முறை நம் நகர்வால் வருவதாக இருந்தால், அந்த நகர்வை, நகர்வுகளைக் குறிக்கும் தாளில் எழுதி, காயைத் தொடாமல் நடுவரை அழைக்க வேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்வில் கோரும் உரிமை போய்விடும். கோரிக்கை தவறென்று தெரிந்தால், எதிராளியின் நேரத்தோடு 2 நிமிடம் சேர்க்கப்படும். ஆகவே தாளில் ஒவ்வொரு நகர்வும் தெளிவாக இருக்க வேண்டும்.

எதிராளியிடம் டிரா கேட்பதற்கும் முறை உண்டு: நம் நகர்வை ஆடி முடித்து, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டும். ஒரே நிலை 5 முறை வந்தால் யாரும் கோராமலேயே ஆட்டம் டிரா ஆகும் என்ற விதியை நம்பிக் காத்திருப்பதும் சரியன்று, ஏனெனில் நான்காம் முறைக்கு முன்பே எதிராளி வேறு நகர்வுக்கு மாறிவிடலாம்.