ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கதையை முழுசா ரசிக்க எப்படி ஆடணும்

2018ல வந்த கேம், கதை நடக்கிறது 1899ல, முதல் சாப்டர் முழுக்க பனிமலைதான், மெதுவாத்தான் போகும், அங்கயே போரடிச்சு விட்டுடாதீங்க ப்ளீஸ்.

ரெண்டாவது சாப்டர்ல நம்ம கொள்ளைக்கார கேங் கேம்ப் போட்டதும் உடனே அடுத்த மிஷனுக்கு ஓடாம கேம்புக்குள்ள சும்மா நடங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசுங்க, ராத்திரி நெருப்பு பக்கத்துல உக்காந்து அவங்க பேசுறதைக் கேளுங்க, பின்னாடி அந்த கேங் உடையும்போது மனசு வலிக்கிறதுக்கு காரணமே இந்த நேரம்தான். நாம ஆடுற ஹீரோ ஆர்தரோட டைரியையும் அப்பப்போ படிங்க, அதுல அவன் வேற ஆளு.

ஸ்க்ரீன் ஓரத்துல வழி காட்டுற மினிமேப்பை ஆஃப் பண்ணிட்டு வழியைப் பாத்து குதிரை ஓட்டிப் பாருங்க.

இந்த கேம்ல ஏமாற்றம் தர்றது மிஷன்தான், சொன்ன வழியை விட்டு கொஞ்சம் விலகினாலே ஃபெயில்னு வந்துடும், அதனால மிஷன்ல சொன்னபடி போங்க, சொந்த இஷ்டத்துக்கு சுத்துறதெல்லாம் வெளியில வச்சுக்கோங்க.

முடிவை மட்டும் யூடியூப்ல தேடாதீங்க.