கவுண்டருக்கு அந்தப் பக்கம் போனை நீட்டும் அக்காவுக்குப் பதில் சொல்வது எப்படி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். 2023 ஜூலையில் ஓர் அக்கா வாட்ஸ்அப்பைத் திறந்து நீட்டினார். "தம்பி, சீனிக்குப் பதிலா போடுற இனிப்பு மாத்திரையில கேன்சர் வருதாம்." டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, தே தாரிக் டீயில் மறுபடி கட்டிப்பால் ஊற்ற ஆரம்பித்திருந்தார். அவருக்கு இனிப்புநீர் நோய்.

சிரித்துவிடாதீர்கள். அனுப்பியது அவர் தங்கச்சி, அக்கறையில் அனுப்பியது. செய்தியில் உண்மை எதுவோ அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அந்த மாத்திரையில் இருக்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டியை 2பி பிரிவில் சேர்த்தது உண்மை. 'வரவைக்கக்கூடும், ஆனால் ஆதாரம் குறைவு' என்பதுதான் அந்தப் பிரிவு.

பிறகு நான் பத்துமலைக் கோயில் படிகளை உதாரணம் காட்டுவேன். 272 படி. வழுக்கி விழ முடியுமா? முடியும். நாம் ஏறுகிற மாதிரி ஏறினால் விழுவோமா? அது வேறு கேள்வி. முகமை பதில் சொன்னது முதல் கேள்விக்கு. எவ்வளவு சாப்பிடலாம் என்று பார்க்கும் நிபுணர் குழு வேறு. அது பழைய வரம்பை மாற்றவில்லை. ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம்.

கணக்கை அவர் எடையிலேயே போடுங்கள், ரசீதின் பின்பக்கம். அக்கா 60 கிலோ: 2,400 மில்லிகிராம். அவருடைய மாத்திரை ஒன்றில் 20. ஆக 120 மாத்திரை. "அவ்வளவு போட்டா டீ வாயில வைக்க முடியுமா?" என்று அவரே கேட்டார். 'பயப்படாதீங்க' என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை.

ஒப்பிட்டுப் பேசி ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். "கற்றாழை முழு இலைச் சாறும் அதே 2பிதான்" என்று ஒருவரிடம் சொல்லப்போக, மனிதர் வீட்டுக்குப் போய்த் தொட்டியோடு செடியைத் தூக்கி எறிந்துவிட்டார். பயத்தை ஆற்ற இன்னொரு பயத்தைக் கொண்டுவராதீர்கள்.

விதிவிலக்கை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறை உள்ளவர்களுக்கு அஸ்பார்டேம் கூடவே கூடாது. உடம்பு இளைக்க இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் சொன்னது. ஏற்கெனவே இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

உண்மையிலேயே ஆபத்தானதைக் கண்டால் குரலை உயர்த்தத் தயங்காதீர்கள். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் போனிலும் விற்கும் சில வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. அது கிட்னியைக் கெடுக்கும். நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு முகமையான என்பிஆர்ஏ அப்படிப்பட்டவற்றின் பெயர்களை அவ்வப்போது வெளியிடுகிறது. டப்பாவைப் புரட்டி, என்-ஓ-டி என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணை வாங்கியவர்களோடு சேர்ந்தே என்பிஆர்ஏ தளத்தில் தேடுங்கள். அந்த எண் இருந்தால் சோதித்துப் பார்த்தாயிற்று என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லுங்கள்.

போன மாதம் அதே அக்கா வந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய, லேபிள் இல்லாத ஒரு கிரீம் டப்பா. "மருமக பூசுறா. பாருங்க தம்பி."