இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் ஒரு செஸ் சுற்றுப்போட்டியின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

முதலில் ஒன்று: "முதல் சம்பியன் யார்?" என்று கேட்டுக்கொண்டு போகாதீர்கள். ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், சண்டைதான் மிஞ்சும். ஒரு கொப்பியில் ஆண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஒன்றும் கிடைக்காத ஆண்டுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்து எல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல், கிளிநொச்சி 1984 இல். அதற்கு முன் கிளிநொச்சிப் பெடியன் ஒருவன் மாவட்ட அளவில் வென்றிருந்தால் அது யாழ்ப்பாணக் கணக்கில்தான் கிடக்கும், அங்கேயும் தேட வேண்டும். தேர்தல் மாவட்டத்தை வைத்து வன்னியைப் பிரித்தால் கிளிநொச்சி வெளியே போய்விடும், ஏனென்றால் அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு இருக்கிறது. மாகாணமும் அப்படித்தான். 2006 முடியும்வரை வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக நிர்வகிக்கப்பட்டன, ஆகவே 2004 இல் 'மாகாண முதலிடம்' என்று ஒரு சான்றிதழ் சொன்னால் அதில் மட்டக்களப்பும் திருகோணமலையும் இருந்திருக்கலாம். 2007 க்குப் பிறகு வடக்கு மட்டும். இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவது என் பார்வையில் அநியாயம்.

சரி, ஆதாரம் எங்கே? 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வில் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவார்? ஆனால் பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு வைத்த பைக்குள் செஸ் சான்றிதழும் சிலவேளை கூடவே போயிருக்கும். அதைக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஈழத்து நூல்களைச் சேமித்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளும் பாடசாலை மலர்களும் கிடைக்கும். 'சதுரங்கம்', 'செஸ்' என்று இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

ஆட்களிடம் பேசும்போது ஆண்டைக் கேட்டால் தடுமாறுவார்கள். "அப்ப பாதை திறந்திருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்து 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்டது, அந்த நான்கு ஆண்டுக்குள் யாழ்ப்பாணம் போய் ஆடினாரா இல்லையா என்று பிடித்துவிடலாம். பெண்கள் பிரிவில் இன்னும் கவனம் வேண்டும்: சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் எழுத்து வந்திருக்கும், ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணிவிடுவீர்கள்.

நகர்வுகளை எழுதிய பழைய ஆட்டத்தாள் கிடைத்தால் கொண்டாடுங்கள். 'பி-கே4' என்ற பழைய முறையில் எழுதியிருந்தால் பெரும்பாலும் 1980களுக்கு முந்தியது, 1981 இலிருந்து உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே, அதே நகர்வை 'இ4' என்று எழுதும் முறையை மட்டுமே ஏற்றது. ஆனால் மூத்தவர்கள் பழக்கத்தை விடாமல் எழுதியிருப்பார்கள், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

வெற்றியாளர் பெயர் மட்டும் போதாது. எத்தனை சுற்று, எத்தனை புள்ளி என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமபுள்ளிக்காரரை மோதவிடும் சுவிஸ் முறையில் இரண்டு பேர் சமபுள்ளி எடுத்தால், எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டும் புக்ஹோல்ஸ் போன்ற கணக்கில்தான் முதலிடம் பிரியும். இரண்டாமவரின் புள்ளியை விட்டுவிட்டால் அவர் தோற்றுப்போனவர் மாதிரித் தெரியும். அண்மைய போட்டிகளுக்கு, முடிவுகளை வெளியிடும் செஸ்-ரிசல்ட்ஸ் தளம் இருக்கிறது, அட்டவணையை எக்செல்லாக இறக்கி வையுங்கள்.

இரண்டு பேர் ஒரே ஆண்டுக்கு உரிமை கோரினால் இரண்டு பெயரையும், யார் சொன்னது, எந்தத் தாளில் பார்த்தது என்பதோடு எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். கொப்பி நிரம்பியதும் ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்துக்கும் இன்னொன்றை நாட்டுக்கு வெளியே ஒருவருக்கும் அனுப்புங்கள்.