ஒரிஜினல் பெயின்ட்டோடு பழைய மஸ்டாங்கை விற்பது எப்படி?

இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் சரிசெய்தாயிற்று. பெயின்ட்டும் சீட்டும் மட்டும் ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே, மங்கியும் கீறியும் இருக்கின்றன. இப்படியொரு காரை அமெரிக்காவில் முதல்முறையாக விற்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணம்: 1966 ஃபோர்டு மஸ்டாங், 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், கலிஃபோர்னியா. நான் விற்றதும் அதுதான்.

1. பெயின்ட் அடிக்காதீர்கள்

விற்பதற்கு முன் ஒரு கோட் அடித்தால் பளிச்சென்று இருக்குமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். புதுப் பெயின்ட்டுக்கு அடியில் துருவா, பள்ளத்தை நிரப்பிய பட்டியா, பழைய விபத்தா என்று வாங்குபவருக்குத் தெரியாது. பழைய பெயின்ட் எதையும் மறைக்காது. அந்த நம்பிக்கைக்குத்தான் அவர் காசு கொடுக்கிறார்.

அந்தக் காலத்துப் பெயின்ட்டின் மேல் கிளியர் கோட் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) கிடையாது. துடைக்கும் துணியில் நிறம் ஒட்டும். பயப்பட வேண்டாம், அது இயல்பு. ஆனால் படலம் மெல்லியது. ஓரங்களில் மெஷின் பாலிஷ் போட்டால் அடிப்பூச்சான பிரைமர் தெரிந்துவிடும். ஷாம்பு, கையால் மெழுகு, அதோடு நிறுத்துங்கள். ரெக்சின் சீட்டுக்கு சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். தையல் விட்டிருந்தால் அதே ஓட்டைகளில் தைக்கலாம். சீட் கவரை மாற்றாதீர்கள்.

அப்புறம், பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கி ஒவ்வொரு பேனலையும் அளந்து எழுதுங்கள். ஃபேக்டரி பெயின்ட் பொதுவாக 2 முதல் 6 மில் வரை இருக்கும். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கதவு மட்டும் இரட்டிப்பாகக் காட்டினால் அது மறுபடி அடித்தது. இன்னும் பல மடங்கு ஏறினால் உள்ளே பட்டி இருக்கிறது. அப்படி இருந்தால் விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘முழுக்க ஒரிஜினல்’ என்று எழுதி, வருபவர் காந்தத்தை வைத்துக் கண்டுபிடித்தால் (பட்டியின் மேல் அது சரியாக ஒட்டாது), காரில் நீங்கள் செய்த நல்ல வேலையையும் அவர் நம்ப மாட்டார்.

2. எண்களைப் படியுங்கள்

டிரைவர் பக்க ஃபெண்டர் ஏப்ரனில் (பானெட்டுக்குள் இருக்கும் பக்கத் தகடு) அடித்திருக்கும் காரின் எண் 6ஆர்07சி என்று தொடங்கினால்: 6 என்பது 1966ஆம் ஆண்டு, ஆர் என்பது சான் ஹோசே தொழிற்சாலை, 07 என்பது ஹார்ட்டாப் (மடிக்க முடியாத கூரை), சி என்பது இரட்டை பேரல் கார்புரேட்டர் கொண்ட 289 இன்ஜின். (அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில்தான் இன்று மில்பிடாஸின் கிரேட் மால் நிற்கிறது. அங்கே துணி எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.) டிரைவர் கதவுத் தகட்டில் பெயின்ட், இன்டீரியர் குறியீடுகள் இருக்கும். காரில் இருப்பது அவற்றோடு ஒத்துப்போவதைப் படம் எடுங்கள்.

இந்த சி ரக இன்ஜினில் காரின் எண்ணை அடிக்கவில்லை. அதனால் ‘நம்பர் மேட்சிங்’ (இன்ஜின் எண்ணும் கார் எண்ணும் ஒன்று) என்று எழுதாதீர்கள். இன்ஜின் பிளாக்கின் வார்ப்புத் தேதியைக் காட்டலாம்: 6சி15 என்றால் 1966 மார்ச் 15 (இங்கே சி என்பது மூன்றாம் மாதம்). அது கார் தயாரான தேதிக்குச் சற்று முந்தையதாக இருந்தால் போதும்.

3. செய்த வேலையை நிரூபியுங்கள்

ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளப்பது) எடுத்து எட்டு சிலிண்டரின் அளவையும் எழுதுங்கள். மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 1966 மாடலில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சர்க்யூட்தான்; ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பாதுகாப்புக்காக இரட்டையாக மாற்றியிருந்தால் அதைச் சொல்லி, கழற்றிய பழைய பாகத்தையும் காரோடு கொடுங்கள்.

4. படமும் வீடியோவும்

வெயில் சாய்ந்த நேரத்தில் எடுங்கள். அழகான கோணங்கள் பத்து போதும். மீதி எல்லாம் அடிப்பக்கம், டிக்கி, தரைத்தகடு, ஒவ்வொரு கீறல். மஸ்டாங்கில் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் கௌல் துருப்பிடித்து உள்ளே தண்ணீர் ஒழுகும் என்று வாங்குபவர்களுக்குத் தெரியும். அதில் தண்ணீர் ஊற்றி, கார்ப்பெட்டை விலக்கி, தரை காய்ந்திருப்பதை வீடியோவில் காட்டுங்கள். முழுக்க ஆறிய இன்ஜினை செல்ஃப் அடித்து ஸ்டார்ட் செய்வதையும் வெட்டாமல் எடுங்கள். வருபவர் முன்னாலும் ஆறிய இன்ஜின்தான். முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள்.

5. விலை

கேட்கும் விலைகளை விடுங்கள், விற்ற விலைகளைப் பாருங்கள். பிரிங் எ டிரெய்லர் தளத்தில் முடிந்த ஏலங்கள் எல்லாம் தெரியும். பழைய கார் இன்சூரன்ஸ் நிறுவனமான ஹேகர்ட்டியின் விலைக் கருவியும் உதவும். ஒப்பிடும்போது புதுப் பெயின்ட் அடித்த கார்களைத் தள்ளிவிட்டு, உங்களுடையதைப் போன்றவற்றை மட்டும் எடுங்கள்.

6. பணமும் காகிதமும்

டைட்டிலில் (கார் உரிமைப் பத்திரம்) உள்ள எண்ணும் ஏப்ரனில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். விளம்பரம் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஸ்மாக் (புகை) சோதனை தேவையில்லை. கேஷியர் செக் (வங்கியே தன் பெயரில் தரும் காசோலை) போலியாக வருவது உண்டு. வாங்குபவரின் வங்கிக் கிளைக்கே இருவரும் போய், அங்கேயே பணத்தை வாங்குங்கள். சாவியைக் கொடுத்த அன்றே டி.எம்.வி. (மாநில வாகனப் பதிவுத் துறை) இணையதளத்தில் கார் கைமாறிய அறிவிப்பைப் பதிவு செய்யுங்கள். 5 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதுவரை அந்தக் காருக்கு விழும் பார்க்கிங் அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.