மிலான் – சூரிச்: பெர்னினா வழியைப் பிடித்த விதம்

மிலானிலிருந்து மலைப்பாதையில் சூரிச் போகத் திட்டமிட்டோம். தேடும்போதெல்லாம் 57 கி.மீ. கோட்ஹார்டு சுரங்கம் வழியாகப் போகும் விரைவு ரயிலே வந்தது. தேடலில் பயண நேரத்தை அதிகமாக்கிப் பார்த்தேன், பயனில்லை. அப்புறம் பெர்னினா எக்ஸ்பிரஸ் (ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் சுற்றுலா ரயில்) என்று தேடினால் எங்கள் தேதிகளில் எல்லா இருக்கையும் நிரம்பியிருந்தன. தேதியை மாற்றினால் விடுதி முன்பதிவு கெட்டுவிடும். இதிலேயே நாட்கள் போயின.

வழி இதுதான்: பயணத்தைத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் தனியாகத் தேடினேன். மிலான்–திரானோ (இத்தாலிய எல்லை ஊர்), திரானோ–சென்ட் மோரிட்ஸ், அங்கிருந்து குர், பிறகு சூரிச். அதே தண்டவாளத்தில் சாதாரண ரயிலும் ஓடுகிறது. அதற்கு இருக்கைப் பதிவே தேவையில்லை! புரூசியோவின் வட்டப் பாலம், 2,253 மீட்டர் உயர ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையம் எல்லாம் இதிலும் வரும்.

பலர் கவனிக்காத ஒன்று: எக்ஸ்பிரஸின் பெரிய கண்ணாடிகள் திறக்காது. சாதாரண ரயிலின் பழைய பெட்டிகளில் கண்ணாடியைக் கீழே இறக்கலாம், படத்தில் பிரதிபலிப்பு விழாது. திரானோவிலிருந்து ஏறினால் இடப்பக்கம் உட்காருங்கள். கணவாய் உச்சியிலுள்ள லாகோ பியாங்கோ ஏரி அந்தப் பக்கம்தான். திரானோவில் இத்தாலிய நிலையமும் சுவிஸ் நிலையமும் தனித்தனிக் கட்டடங்கள், ஆனால் பக்கத்துப் பக்கத்தில். நடந்தே மாறிவிடலாம்.