'அஷ்யூர்' எழுதும்போது ஆளை விட்டுவிடாதீர்கள்

"வீ அஷ்யூர் தட் த கூட்ஸ் வில் ரீச் பை மண்டே." அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் என்னிடம் வரும் மெயில்களில் இந்த மாதிரி வரி அடிக்கடி இருக்கும். மேலோட்டமாகப் படித்தால் தப்பு தெரியாது. ஆனால் யாருக்கு உறுதி சொல்கிறோம் என்பது அதில் இல்லை. 'வீ அஷ்யூர் யூ தட்' என்று 'யூ' சேர்ந்தால்தான் வாக்கியம் நிற்கும்.

ஏன் ஆள் வேண்டும்? சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் புரியும். லத்தீனில் 'செகூருஸ்' என்றால் கவலையற்றவர். 'சே' என்றால் இல்லாமல், 'கூரா' என்றால் கவலை. அதிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது 'அஷ்யூர்'. "கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று நாம் சொல்கிறோமே, அதுதான் இந்தச் சொல்லின் வேலை. கவலை மனுஷருக்குத்தான் வரும், சரக்குக்கு வராது. 'வெற்றியை அஷ்யூர் செய்தது' என்று எழுதும் வழக்கும் ஆங்கிலத்தில் உண்டு. ஆனால் கடிதத்தில் வாக்குக் கொடுக்கும்போது ஆளைச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த தவறுக்குக் காரணம் நம் நான்காம் வேற்றுமை. 'அவருக்கு உறுதியளித்தேன்' என்று மனசில் ஓடுவதால் கை தானாக 'அஷ்யூர்டு டு ஹிம்' என்று எழுதிவிடுகிறது. அந்த 'டு' வேண்டாம், 'அஷ்யூர்டு ஹிம்' போதும். 'வருவதாகச் சொன்னார்' என்பதற்கு 'அஷ்யூர்டு டு கம்' என்பதும் தவறு; அங்கே 'ப்ராமிஸ்டு டு கம்' என்று எழுதுங்கள்.

'என்ஷ்யூர்' குழம்புவதற்கும் தமிழ்தான் காரணம். உறுதி கூறுவது, உறுதி செய்வது இரண்டுக்கும் நமக்கு ஒரே 'உறுதி'. ராத்திரி எழுந்து போய் கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது என்ஷ்யூர். திரும்பி வந்து "மூடியாச்சும்மா, நிம்மதியா தூங்குங்க" என்பது அஷ்யூர்.

'இன்ஷ்யூர்' முதலில் 'என்ஷ்யூர்' என்பதன் இன்னொரு எழுத்துவடிவமாகத்தான் இருந்தது. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகப்புரையில்கூட, உள்நாட்டு அமைதியை உறுதிசெய்ய என்ற இடத்தில் 'இன்ஷ்யூர்' என்றே இருக்கிறது. காப்பீடு என்ற அர்த்தம் அதில் ஒட்டிக்கொண்டது அதற்கும் முன்பே, 17-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் காப்பீட்டுக்கும் 'அஷ்யூரன்ஸ்' என்றே சொன்னார்கள். ஆயுள் காப்பீட்டில் அது இன்னும் போகவில்லை, உங்கள் எல்.ஐ.சி. பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், 'சம் அஷ்யூர்டு' என்று இருக்கும்.

'பீ ரெஸ்ட் அஷ்யூர்டு' என்று எழுதாதீர்கள். அங்கே 'ரெஸ்ட்' என்பதே வினைச்சொல், 'அப்படியே இருங்கள்' என்று பொருள். முன்னால் இன்னொரு 'பீ' எதற்கு?

அப்புறம் 'ரீஅஷ்யூர்'. மறுபடியும் உறுதி கூறுவது என்று நினைத்து, 'பேமெண்ட் வந்துவிடும்' என்று இரண்டாம் முறை எழுதும்போது பலர் இதைப் போடுகிறார்கள். அதற்கு 'அஷ்யூர் யூ அகெய்ன்' போதும். ரீஅஷ்யூர் என்பது பயத்தைப் போக்குவது. ஊசியைப் பார்த்து அழும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணும் ஆகாதுடா கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று நர்ஸ் சொல்கிறார் பாருங்கள், அது ரீஅஷ்யூர்.