பிள்ளைகள் எழுதும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் இப்படி எழுதிக் கொண்டுவந்தாள்: “எங்க ஆடு குட்டி போட்டுச்சு. அது எந்திரிக்கவே இல்ல. அம்மா பலய சேலையால தொடச்சாங்க. அப்பரம் அது கத்துச்சு.” நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். வரிக்கு இரண்டு வட்டமாவது விழுந்தது. அடுத்த வாரம் அவளே எழுதியது: “ஆடு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு.” ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவள் வீட்டு ஆடும் அதில் இல்லை.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் அதிகமாகச் செய்யும் தவறு இதுதான். எழுதியதைப் படிப்பதற்கு முன்பே திருத்தத் தொடங்கிவிடுகிறோம். முதலில் முழுவதையும் படியுங்கள். “குட்டி எப்போ எழுந்து நின்னுச்சு?” என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலையே அடுத்த இரண்டு வரியாக எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகு ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இந்த வாரம் ல, ழ, ள என்றால் அது மட்டும்தான். மற்றவை அடுத்த வாரம்.

பேச்சுத் தமிழில் எழுதினால் அதட்டுவது இன்னொரு தவறு. ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் பேசும் மொழிதான் கைவசம் இருக்கிறது. ‘போட்டுச்சு’ என்று எழுதட்டும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, “இதையே புத்தகத்தில் எப்படிப் போட்டிருப்பாங்க?” என்று கேட்டால், ‘போட்டது’ என்று பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். கதைக்குள் அம்மா பேசுகிற வரியை மேற்கோள் குறிக்குள் பேச்சுத் தமிழிலேயே விட்டுவிடலாம்.

தப்பாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வதால் பலன் மிகக் குறைவு. நான்காவது முறையிலேயே பிள்ளை சொல்லாக எழுதுவதை விட்டுவிட்டு, மேலிருந்து கீழாக முதல் எழுத்தை மட்டும் பத்து வரிக்கும் போட்டுக்கொண்டு போகும். கை வலிக்கும், சொல் மனதில் நிற்காது. அதற்குப் பதில் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். நம் எழுத்துகளுக்குள் நல்ல ஒழுங்கு இருக்கிறது. தமிழ்ச் சொல்லின் முதலில் ‘ந’ வரும்; ‘ன’, ‘ண’ வராது. நடுவில் வந்தால் பின்னால் நிற்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும்: ட-வுக்கு முன் ண் (வண்டி), த-வுக்கு முன் ந் (பந்து), ற-வுக்கு முன் ன் (கன்று). இந்த மூன்று சொல்லையும் சுவரில் ஒட்டி வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கொம்பு பற்றியும் சொல்ல வேண்டும். ‘கொடி’ என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க் என்ற ஒலி. எழுதும்போதோ கொம்பை முதலில் போட வேண்டியிருக்கிறது. பிள்ளை அங்கே தடுமாறுவது கவனக்குறைவு அல்ல. ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா என்ற சந்தேகத்துக்குக் கொடி–கோடி, தொடு–தோடு என்று சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பொருள் மாறுவது காதிலேயே கேட்கும்.

கையெழுத்து அழகாக இருந்தால் நன்றாக எழுதுகிறான் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. இரட்டைக்கோடு நோட்டில் கையெழுத்துப் பயிற்சி நடக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் சொந்தமாக எழுதும் நேரத்தில் ‘கோட்டுக்குள்ள எழுது’ என்று குறுக்கிடாதீர்கள், அடுத்து எழுத நினைத்தது மறந்துபோகும். அப்புறம், விரலுக்குள் அடங்காத குட்டிப் பென்சிலைத் தூக்கிப் போடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவே வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தார்கள். வகுப்பு ஒன்றாக இருந்தாலும் எழுத்தறிவு ஒன்றாக இருக்காது என்பதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. வீட்டிலும் அப்படியே பாருங்கள். பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறது என்றால், அங்கிருந்தே தொடங்கலாம்.

கட்டுரையை நாமே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பதை நிறுத்திவிட வேண்டும். பொங்கல் கட்டுரைக்கு முன்னுரை, முடிவுரை எல்லாம் பிறகு வரட்டும். “உங்க வீட்டுப் பானை எந்தப் பக்கம் பொங்குச்சு? யார் முதல்ல பார்த்தது?” என்று கேட்டால் பத்து வரி தானாக வரும்.

எழுதுவதற்கு ஒரு காரணமும் வேண்டும். மளிகைக் கடைக்கு வாங்க வேண்டியதைப் பிள்ளையே எழுதட்டும். ‘பருப்பு’ ‘பறுப்பு’ ஆனாலும் கடைக்காரருக்குப் புரியும். ஊரில் இருக்கும் ஆச்சிக்கு அஞ்சலட்டையில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். அதை மட்டும் திருத்தாமல் தபால் பெட்டியில் போட்டுவிடுங்கள். ஆச்சி பதில் போட்டால், அந்தக் கோணல் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க வேறு யாரையும் பிள்ளை விடாது.